யார் அழைத்து வந்தார்கள்?

பிள்ளைகளுக்கான மருத்துவ உளவியல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்களே, ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லைட்னர் விட்மரிடம் ஓர் ஆசிரியை 14 வயதுப் பையனைக் கூட்டி வந்தார். எழுத்துப் பிழை இல்லாமல் அவனால் எழுத முடியவில்லை. சோதித்ததில் கண்பார்வையிலும் குறை தெரிந்தது. உலகின் முதல் உளவியல் கிளினிக் தொடங்கியது இப்படித்தான். கவனித்தீர்களா, பையன் தானாக வரவில்லை.

இன்றும் அதே நிலைதான். பெரியவர் தன் துயரத்தைத் தானே சுமந்து வருவார். பிள்ளையை யாராவது அழைத்து வருவார்கள். "வீட்டில் அடங்குவதே இல்லை" என்பார் அம்மா. "வகுப்பில் வாயே திறப்பதில்லை" என்பார் ஆசிரியர். பிள்ளையைக் கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லை." முதலாண்டு மாணவர் உடனே இதில் யார் சொல்வது பொய் என்று தேடத் தொடங்கிவிடுவார். நானும் தேடியவன்தான்.

1987-இல் உளவியல் ஆய்வாளர் ஆக்கன்பாக்கும் சகாக்களும் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையைப் பற்றிப் பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் சொன்னவற்றுக்கு இடையே ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, சராசரியாக 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் 0.22. முழுப் பொருத்தம் என்றால் 1 இருக்க வேண்டும். யாரும் பொய் சொல்லாமலேயே இவ்வளவு இடைவெளி வரும். வீட்டில் கத்துகிற பிள்ளையும் வகுப்பில் ஒடுங்கி உட்கார்கிற பிள்ளையும் ஒரே பிள்ளைதான். எந்த இடத்தில் எது மாறுகிறது என்பதுதான் நீங்கள் துப்புத் துலக்க வேண்டிய விஷயம். அம்மா, ஆசிரியர், பிள்ளை மூவரும் நிரப்பித் தரும் வினாப்படிவங்களின் மதிப்பெண்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அது கையை விட்டுப் போய்விடும்.

1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த உளவியலாளர் பயிற்சி பற்றிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்றது. சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், பகலில் கிளினிக், இரவில் ஆய்வேடு என்று அல்லாடுவது நீங்கள். ஆனால் புள்ளியியல் வகுப்பைச் சபிக்கும்போது அந்த 0.28-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பதின்பருவத்தினரிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். எது இந்த அறையோடு நிற்கும், உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை என்றால் எதை நீங்கள் வெளியே சொல்லியே ஆகவேண்டும் என்பதை முதல் நாளே, இருவரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் துரோகமாகத்தான் படும்.

மேற்பார்வையாளரிடம் நீங்கள் பிள்ளையோடு பேசிய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும் நாளில் வியர்க்கும். பிள்ளை பேசாத நிமிடங்களில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்டுத் தள்ளினீர்கள் என்று அவர் எண்ணுவார். அடுத்த வாரம் கொஞ்சம் குறைவாகக் கேட்டுப் பாருங்கள்.