பனி விலகுனா பேய்க்கு என்ன வேலை

நடுவர் ஐயாவுக்கும், இந்தப் பொங்கல் குளிர்ல குல்லாவும் ஸ்வெட்டருமா வந்து உக்காந்திருக்கிற கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம்ங்க. பின்வரிசையில இப்பதான் கொஞ்சம் பேர் வந்தாங்க, அவங்களுக்காகத் தலைப்ப ஒருவாட்டி சொல்லிடறேன். திகில் கேம்ல நம்மள உலுக்கி எடுக்கிறது கண்ணுக்குத் தெரியுறதா, தெரியாததா? நான் தெரியாததுன்னு பேச வந்திருக்கேன். பேர் குடுக்கிறப்ப கெடைச்ச அணின்னு இல்லீங்க, பத்துப் பன்னெண்டு வருஷமா விளையாடி விளையாடி நானே நம்புற விஷயம் இது.

எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அக்கா ஒரு பழமொழியில ஆரம்பிச்சாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கண்ணுக்குன்னுதானே இருக்கு, அப்ப பாக்கிறதுலதான் பயம் இருக்குன்னு முடிச்சாங்க, கைதட்டும் வாங்கிட்டாங்க. அக்கா, அதே பழமொழியில இருண்டதுன்னு ஒரு சொல்லும் இருக்குல்ல. ஒண்ணும் தெரியாம இருண்டு கெடக்குறதாலதான் அவனுக்கு அங்க பேய் வருது, லைட்டப் போட்டா அங்க கொடியில காயுற வேட்டிதான் இருக்கும். அந்தப் பழமொழி எங்க பக்கம்ங்க, நடுவர் ஐயா குறிச்சுக்கணும்.

நான் ஒரு ராத்திரியப் பத்திச் சொல்லணும். 2019, நவம்பர் மழை, நான் ப்ளஸ் டூ. டீத்தோட்டத்த ஒட்டி எங்க வீடுதான் கடைசி. அப்பாம்மா ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போயிட்டாங்க, வீட்ல நானும் அப்பத்தாவும்தான். அன்னிக்கு நான் விளையாடிட்டு இருந்தது அம்னீசியா த டார்க் டிசென்ட், 2010-ல ஸ்வீடன்ல ஃப்ரிக்ஷனல் கேம்ஸ்ங்கிற கம்பெனி பண்ணது. 1839-ல ஒரு கோட்டைக்குள்ள டேனியல்னு ஒருத்தன் எல்லாத்தையும் மறந்துபோய்க் கண் முழிக்கிறான். கையில கத்தி கெடையாது துப்பாக்கி கெடையாது, ஒரு லாந்தர் வெளக்கு மட்டும்தான், அதுலயும் எண்ணெ தீந்துகிட்டே இருக்கும். நடுவுல தண்ணி தேங்குன ஒரு நிலவறை வரும். அந்தத் தண்ணிக்குள்ள ஒண்ணு இருக்குங்க. அது என்ன உருவம்னு காட்டவே மாட்டான். சளப் சளப்னு தண்ணி தெறிக்கும், தெறிக்கிறது நம்ம பக்கமா வரும், அவ்வளவுதான். பெட்டி மேல ஏறி நின்னா அதுக்கு எட்டாது, தண்ணியில கால வச்சா வந்துரும், அங்க கெடக்கிற சதைத் துண்ட எடுத்து ஒரு மூலையில வீசிட்டு அது அந்தப் பக்கம் போற நேரத்துல ஓடிக் கதவத் திறக்கணும்.

நான் பெட்டி மேல நிக்கிறேன், கரண்ட் போச்சு.

ஹெட்போனக் கழட்டுனா சமையக்கட்டுப் பக்கம் ஒரு சத்தம். ஃபூ... ஃபூ... பின்கதவுக்கு அடியில இருக்கிற இடுக்குல யாரோ மூக்க வச்சு இழுத்து இழுத்து ஊதுற மாதிரி. நான் செல்லு லைட்டப் போடப் போனேன், அப்பத்தா எப்ப எந்திரிச்சு வந்தாங்கன்னே தெரியல, என் மணிக்கட்டப் புடிச்சு அழுத்திட்டாங்க, வாயத் தொறக்கல. ரெண்டு பேரும் கட்டில் ஓரத்துல அப்படியே நின்னோம். கதவோரம் போட்டிருந்த கோணிச்சாக்கு அந்த மூச்சுக்குச் சரசரன்னு அசையுறது கூடக் கேட்டுச்சு. கால்மணி நேரமா அரைமணி நேரமான்னு தெரியல, அப்புறம் டங்குன்னு ஒரு டின் உருள்ற சத்தம், அப்புறம் மழைச் சத்தம்தான். காலையில போய்ப் பாத்தா சாய்ப்புல வச்சிருந்த எண்ணெ டின்ன உள்ளயும் வெளியயும் நக்கி வெள்ளிப் பாத்திரம் கணக்கா வச்சுட்டுப் போயிருக்கு. கதவு அடிப்பலகையில ஈரம் காஞ்ச ஒரு கோடு. கரடின்னு பக்கத்துவீட்டு மாமா சொன்னாரு, ஃபாரஸ்ட்காரங்களும் வந்து காலடி பாத்துட்டுச் சொன்னாங்க. இங்க இருக்கிற உங்களுக்கு இது புதுசு இல்ல, கோயில் வெளக்கெண்ணெய்க்கே கரடி வர்ற ஊரு நம்மது. ஆனா நடுவர் ஐயா, அது கரடிங்கிறது காலையிலதான். ராத்திரி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது எனக்குக் கரடி இல்லீங்க, தண்ணிக்குள்ள இருந்ததுதான் வெளிய வந்திருக்குன்னு நெனைச்சேன், சத்தியமா நெனைச்சேன்.

அதுக்கு மூணு மாசம் கழிச்சுப் பட்டப்பகல்ல கரடியப் பாத்தேன். முதுகு மேல ரெண்டு குட்டி. தோட்டத்துல இலை எடுத்துட்டு இருந்த அக்காங்க தகரத்தத் தட்டிச் சத்தம் போட்டாங்க, அது பாறைப் பக்கமா ஏறிப் போயிருச்சு. குட்டியோட இருக்கிற கரடி ரொம்ப ஆபத்துன்னு எனக்குத் தெரியும், அந்த ராத்திரியவிட இங்கதான் உயிருக்கு ஆபத்து அதிகம். ஆனா எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஓடணும், மேல ஏறுறதா கீழ இறங்குறதான்னு மண்டை கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. கண்ணு ஒண்ணப் பாத்துட்டா மூளைக்கு வேலை கெடைச்சிருது, வேலை கெடைச்சா பயம் ஒதுங்கி நின்னுக்குது. கேம் பண்றவங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

எதிரணித் தம்பி ஒண்ணு கேட்டாரு, நல்ல கேள்வி. அதே அம்னீசியாவுல தண்ணிக்கு வெளிய நடமாடுற ஜந்துவப் பாத்தாலே டேனியலுக்குப் புத்தி கலங்குதே, திரை நெளியுதே, அப்ப பாக்கிறதுதானே பயம்னாரு. தம்பி, பாக்காதேன்னு ஒருத்தன் சட்டம் போடறான்னா எதுக்குப் போடறான்? நிதானமா ஒரு நிமிஷம் பாத்துட்டோம்னா அது யாரோ கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மைன்னு தெரிஞ்சுரும். அதனால பாத்தாலும் புத்தி கலங்கும், இருட்டுல நின்னாலும் கலங்கும்னு ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சான். நாம என்ன பண்றோம், அலமாரிக்குள்ள பூந்து செவுத்தப் பாத்து உக்காந்துகிட்டு, அது நடக்குறதையும் முனகுறதையும் கேட்டு, போயிருச்சா இல்லையான்னு காத வச்சே விளையாடுறோம்.

அக்கா ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் பத்திப் பேசுனாங்க, 2021-ல வந்தது, அதுல வர்ற லேடி டிமிட்ரெஸ்கு தொப்பி ஹீல்ஸ் எல்லாம் சேத்து ஒம்பதரை அடின்னு. உண்மைதான், கம்பீரமான கேரக்டர், எனக்கும் பிடிக்கும். ஆனா கேம் வர்றதுக்கு முன்னாடியே அந்தம்மா முகம் ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு, பயப்படறதுக்குப் பதிலா பாதிப்பேர் ரசிகர் ஆயிட்டாங்க. அதே கேம்ல பெனவியெண்டோ வீடுன்னு ஒண்ணு வருது அக்கா, அதப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசல. அங்க உள்ள போனதுக்கப்புறம் துப்பாக்கியெல்லாம் புடுங்கிருவான். எங்கயோ ஒரு குழந்தை அழும். அந்த உருவத்த ஒரு கட்டத்துல காட்டுறான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கட்டிலுக்கு அடியில படுத்துகிட்டு அந்த அழுகை கிட்ட வருதா தள்ளிப் போகுதான்னு கேட்டுகிட்டுக் கெடந்தேன் பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் நிக்குது.

1996-ல வந்த முதல் ரெசிடென்ட் ஈவில்ல நாய் ஜன்னல உடைச்சிட்டுப் பாயுறதையும் சொன்னாங்க. ஆமா, எல்லாரும் துள்ளிட்டோம். துள்ளுறது ஒரு நொடி. சில்வர் தட்டு கீழ விழுந்தாலும் துள்ளுவோம். அந்த நாய் வந்து போனதுக்கப்புறம் அந்த மாளிகையில இன்னும் உடையாம இருக்கிற ஜன்னல் ஒவ்வொண்ணையும் தாண்டிப் போறது எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க. பயம் அந்த உடையாத ஜன்னல்ல இருக்குங்க.

இப்ப சைலண்ட் ஹில்லுக்கு வர்றேன், நம்ம ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் விளையாட வேண்டிய கேம். 1999, கோனாமி, முதல் ப்ளேஸ்டேஷன். அந்த மெஷினுக்கு ஒரு முழு ஊர தூரம் வரைக்கும் வரைஞ்சு காட்டத் தெம்பு பத்தல. என்ன பண்ணாங்க, தூரத்துல இருக்கிறது தெரியாம இருக்க மிஸ்ட்ட, அதான் மூடுபனிய, இறக்கி விட்டுட்டாங்க. ஹாரி மேசன்னு ஒரு அப்பா, தொலைஞ்சு போன மகளத் தேடி அந்த மிஸ்ட்டுக்குள்ள நடக்குறான், பாக்கெட்ல ஒரு சின்ன ரேடியோ, ஏதாவது கிட்ட வந்தா அது கரகரன்னு இரையும். எங்க இருந்து வருது, எத்தன வருதுன்னு தெரியாது, இரையுது அவ்வளவுதான். இங்க மேட்டுப்பாளையம் ரோட்டுல மிஸ்ட் இறங்குனப்ப வண்டி ஓட்டுனவங்க கொஞ்சம் கையத் தூக்குங்க... பாருங்க ஐயா, பாதி ஹால். எதிர்ல பஸ் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? கண்ணாடிய இறக்கி விட்டு, பாட்ட நிறுத்திட்டு, வளைவுக்கு வளைவு ஹார்ன் குடுத்துட்டு, அந்தப் பக்கமிருந்து பதில் ஹார்ன் வருதான்னு காதத் தீட்டிட்டுத்தானே போவீங்க? அதேதாங்க அந்த ரேடியோ.

2012-ல அந்த சீரிஸோட ரெண்டாவது மூணாவது பாகத்த எச்டி கலெக்ஷன்னு தூசு தட்டி விட்டாங்க. படம் பளிச்சுன்னு ஆச்சு, ஆனா ரெண்டாம் பாகத்துல மிஸ்ட் மெலிஞ்சு போயி, ஏரித் தண்ணி எங்க வரைக்கும் வரைஞ்சிருக்கு எங்க முடியுதுன்னு விளிம்பு தெரிய ஆரம்பிச்சது. ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. எதுவும் கூடல, ஒரு பேயும் குறையல, தெரியக்கூடாதது தெரிஞ்சது, அவ்வளவுதான், ஊரே அட்டையில செஞ்ச செட்டு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் 2024-ல ப்ளூபர் டீம்ங்கிற கம்பெனி அதே ரெண்டாம் பாகத்த முழுசா புதுசாப் பண்ணாங்க. இன்னைக்கு இருக்கிற மெஷினுக்கு அந்த ஊர எல்லை வரைக்கும் காட்டுறது ஒரு பெரிய விஷயமே இல்ல. இருந்தும் மிஸ்ட்ட கெட்டியா, கை நீட்டுனா மறையுற மாதிரி திரும்பக் கொண்டு வந்தாங்க. 1999-ல வேற வழியில்லாம இறக்குனது, 2024-ல வேணும்னே இறக்குனது. எதிரணி இதுக்குப் பதில் சொல்லணும்.

கிராஃபிக்ஸ் வளர வளரத்தான் பயம் வளர்ந்துச்சுன்னு தம்பி சொன்னதுக்கு ஒரே பதில், ஸார்க்ங்கிற கேம். 1980-ல விற்பனைக்கு வந்தது, படமே கெடையாது, வெறும் எழுத்து. வெளக்கு இல்லாம இருட்டுக்குள்ள போனா, கும்மிருட்டா இருக்கு, உன்ன ஒரு க்ரூ தின்னுடும் போலன்னு ஒரு வரி வரும். க்ரூன்னா எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாது, அது வெளிச்சத்துக்கு வராது.

பேயே வேண்டாம், துப்பறியுற கேமுக்கு வாங்க. ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின், 2018, லூகாஸ் போப்னு ஒருத்தர் பண்ணது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒண்ணு ஆளே இல்லாம 1807-ல திரும்பி வருது, அதுல போன 60 பேருக்கு என்ன ஆச்சுன்னு நாம கண்டுபிடிக்கணும். ஒரு பொணத்துக்கிட்ட போய் நின்னா முதல்ல திரை கருப்பாயிரும். குரல் மட்டும் கேக்கும், யாரோ கெஞ்சுறாங்க, ஒரு கதவு ஒடையுது, ஒரு வெடிச் சத்தம். அதுக்கப்புறம்தான் அந்த நொடிய உறைஞ்ச படமாக் காட்டுவான். அந்தப் படத்துல வெட்டுப்பட்ட ஆளக் கூட நிதானமா சுத்தி வந்து பாத்திருக்கேன், நோட்டுல குறிப்பு எடுத்திருக்கேன், ஒண்ணும் பண்ணல. அதுக்கு முன்னாடி வந்த அந்தக் கருப்புத் திரையிலதான் மூச்ச இழுத்துப் புடிச்சிருந்தேன்.

அவுட்டர் வைல்ட்ஸ் 2019-ல வந்தது, விண்வெளியில சுத்துற அட்வென்ச்சர், என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான கேம், அதப் பத்திப் பேசுனா விடிஞ்சுரும். அதுலயும் மிஸ்ட் நிறைஞ்ச ஒரு இடம் இருக்கு, உள்ள பெரிய பெரிய மீனுங்க. அதுங்களுக்குக் கண்ணு தெரியாது, காதுதான். எஞ்சின அணைச்சுட்டு சத்தமே இல்லாம மிதந்து போகணும். அந்த ரகசியத்த நமக்குச் சொல்றது யாருன்னா, எப்பவோ வாழ்ந்த குழந்தைங்க ஒரு குகையில எழுதி வச்ச விளையாட்டு விதி, ஒருத்தர் கண்ணக் கட்டிட்டு மீனா இருக்கணும், மத்தவங்க சத்தம் போடாம தாண்டணும். நம்ம கண்ணாமூச்சிதாங்க. அஞ்சு வயசுல நாம எல்லாரும் கண்ணக் கட்டிகிட்டுத்தானே திகில் கேம் விளையாடியிருக்கோம்.

ஐயா மணி மேல கைய வச்சிட்டீங்க, இது ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பி.டி.ன்னு ஒரு சின்ன டெமோ, 2014 ஆகஸ்ட்ல ப்ளேஸ்டேஷன் 4-க்கு வந்தது, ஹிடியோ கோஜிமா பண்ணது. ஒரு வீட்டு நடை, ஒரு வளைவு, ஒரு கதவு, கதவத் திறந்தா திரும்ப அதே நடை. 2015-ல ஸ்டோர்லேந்து எடுத்துட்டாங்க. கோயமுத்தூர்ல எங்க மாமா பையன் பழைய பிஎஸ்4-ல அத அழிக்காம வச்சிருந்தான், ஒரு லீவுக்குப் போயி அங்கதான் விளையாடுனேன். லிசான்னு ஒரு பொண்ணோட உருவம் அதுல அங்கங்க வந்து போகும். 2019-ல ஒரு மாடர், அதாவது வந்த கேமப் பிரிச்சு மாத்திப் பாக்குறவரு, அந்த கேமோட கேமராவப் பிரிச்சுத் திருப்பிப் பாத்தாரு. நாம டார்ச்ச எடுக்குற நேரத்துலேந்து அந்த லிசா நம்ம முதுகுக்குப் பின்னாடி ஒட்டுன மாதிரி கூடவே வந்துட்டு இருக்கா. லட்சக்கணக்கான பேர் அஞ்சு வருஷமா விளையாடியும் அது தெரியாமத்தான் இருந்துச்சு. நானும் பாக்கல. ஆனா அன்னிக்கு அந்த டார்ச் கையில வந்ததுக்கு அப்புறம் நாற்காலிய விட்டு எந்திரிச்சுப் போயி, செவுத்துல முதுக ஒட்டிகிட்டுத் தரையில உக்காந்துதான் மிச்சத்த விளையாடுனேன், ஏன்னு அப்ப எனக்கே தெரியல.

நன்றி, வணக்கம்ங்க.