ஒரு டன் புகைக்கு என்ன விலை? கார்பன் வரியும் காற்றாலையும்

[திரை: அனல் மின் நிலையப் புகைபோக்கி]

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிவாயு என்றால் சுமார் 400 கிராம். காற்றாலையும் சோலார் தகடும் ஓடும்போது புகையே கிடையாது.

வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கு டன்னுக்கு 50 டாலர் வரி போட்டுப் பாருங்கள், இதுதான் கார்பன் வரி. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு 5 சென்ட் ஏறுகிறது, எரிவாயு 2 சென்ட். காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்றமே இல்லை. மின்தொகுப்பில், எரிபொருள் செலவு குறைந்த நிலையத்தைத்தான் முதலில் ஓட்டுவார்கள். வரியும் சேர்ந்து நிலக்கரியின் செலவு ஏறினால், அந்த வரிசையில் அது பின்னுக்குப் போகிறது.

[திரை: பிரிட்டன் வரைபடம்]

2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் கார்பன் வெளியிடும் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தையில் விலை மலிந்து கிடந்ததால், 2013-ல் மின் நிலையங்களுக்கு மட்டும் அதற்கு மேல் தனி வரி போட்டார்கள். 2015-ல் அது டன்னுக்கு 18 பவுண்டானது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது.

இதை வரியின் வெற்றி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நிலக்கரி விட்ட இடத்தை முதலில் பிடித்தது எரிவாயு. கடல் காற்றாலைகள் வளர்ந்ததற்கு மின்சாரத்துக்கு 15 ஆண்டுகள் ஒரே விலையை உறுதிசெய்யும் ஒப்பந்தங்கள் முக்கியக் காரணம். காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை, ஆனால் முதலீடு முழுவதும் முதல் நாளே தேவை. வருமானம் உறுதியாகத் தெரியாமல் வங்கி கடன் தராது.

[திரை: பெட்ரோல் பங்க்]

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே 50 டாலர் வரி, லிட்டருக்குப் 11.5 சென்ட். பேருந்தும் ரயிலும் இல்லாத ஊர்க்காரர் என்ன செய்வார்? வரியைக் கட்டிவிட்டு அதே வண்டியைத்தான் ஓட்டுவார். புகை குறையாது, கோபம் ஏறும். 2018 இறுதியில் பிரான்சில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்து, எரிபொருள் வரி உயர்வு கைவிடப்பட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வேறு வழியில் போனது. 2008-ல் டன்னுக்கு 10 கனடா டாலரில் தொடங்கி, ஆண்டுக்கு 5 டாலர் ஏறும் என்று முன்கூட்டியே அறிவித்தது. வந்த பணத்துக்கு ஈடாக வருமான வரியைக் குறைத்தது. முன்கூட்டிய அறிவிப்புதான் இதில் உயிர்நாடி. இன்று வாங்கும் கொதிகலன் 20 ஆண்டு ஓடும், அதை வாங்குபவருக்கு நாளைய விலை தெரிய வேண்டும். ஆஸ்திரேலியா 2012-ல் கொண்டுவந்த கார்பன் விலையை 2014-லேயே ரத்து செய்தது. அப்படி ஆடும் விலையை நம்பி யாரும் ஆலையை மாற்ற மாட்டார்கள்.

[திரை: நண்பகல் வெயில், பிறகு மாலை]

பலரும் கவனிக்காத சிக்கல் மின்கம்பியில் இருக்கிறது. சோலார் பூங்காவை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம், உயர் அழுத்த மின்தடத்துக்கு அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகப் பிடிக்கும். தடம் இல்லாவிட்டால் நண்பகலில் உபரி மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார்கள், மாலையில் தேவை உச்சத்துக்குப் போகும்போது மறுபடி எரிவாயுவை ஓட்டுவார்கள். வரிப் பணத்தின் ஒரு பகுதி மின்தடத்துக்கும் பேட்டரிக்கும் போக வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

அந்தப் பணத்தைச் சம்பளம், ஓய்வூதியம் போன்ற நிரந்தரச் செலவுக்கு ஒதுக்குவது ஆபத்து. வரி நன்றாக வேலை செய்தால் புகை குறையும், புகை குறைந்தால் வரி வருவாயும் குறையும்.