அம்மா, அப்பாவை ரெஸ்பைட்டில் விடும் முன் கேட்க வேண்டியவை

வணக்கம் உறவுகளே. அவுஸ்திரேலியாவில் வயதான அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இந்த வீடியோ. ரெஸ்பைட் பற்றிக் கதைப்போம், அதாவது பார்க்கிறவர் ஓய்வெடுக்க அவர்களைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் தங்கவைப்பது.

உங்களுக்கு ஒரு ஒப்பரேஷன், இல்லை ஊரில் ஒரு செத்தவீடு, இல்லை உடம்பு அடித்துப்போட்ட மாதிரிக் கிடக்கிறது. அந்த நாட்களில் அவர்களை நர்சிங் ஹோமில் தங்கவைக்கலாம். அவருக்கு என்ன உதவி தேவை என்று அரசு செய்கிற மதிப்பீடு முடிந்து அனுமதி கிடைத்தவருக்கு நிதியாண்டுக்கு 63 நாள் உண்டு. தேவையென்றால் 21 நாள் வீதம் கூட்டிக் கேட்கலாம். பெரிய வைப்புப் பணம் கட்டத் தேவையில்லை. தினக் கட்டணமும் தனியாளின் அடிப்படைப் பென்ஷனில் 85 வீதத்தைத் தாண்டாது.

சட்டத்தில் நாள் இருக்கிறது, கட்டில்தான் கிடைப்பதில்லை. இரண்டு நாளுக்கு என்று கேட்டால் பல இடங்களில் இரண்டு வாரமாவது நிற்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாளுக்கு வந்தாலும் மருந்து அட்டவணை, பராமரிப்புத் திட்டம் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், அதுதான் காரணம். நிரந்தரமாகச் சேர முன் பார்த்துப்போக வருகிறவர்களும் இதே கட்டில்களைத்தான் நிரப்புகிறார்கள். 2022 ஒக்டோபரில் ரெஸ்பைட்டுக்கான அரச நிதியை நிரந்தரப் பராமரிப்புக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான், ஆனால் வெள்ளி போய் ஞாயிறு திரும்புகிற குடும்பத்துக்கு அது போதாது. முதியோர் பராமரிப்பை விசாரித்த ரோயல் கமிஷன் (அரச விசாரணைக் குழு) 2021இல் வெளியிட்ட அறிக்கை, சின்ன வீடுகளிலும் ரெஸ்பைட் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நான் கேட்பதும் அதைத்தான்: ஐந்தாறு பேர் தங்குகிற வீடு, ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முகங்கள்.

எனக்குக் கோபம் வருவது நடை விஷயத்தில். வீட்டில் காலையும் மாலையும் முற்றம் வரை நடந்தவரை அங்கே கதிரையில் இருத்திவிடுவார்கள். விழுந்துவிடுவாரோ என்ற பயம். இரண்டு வாரம் கழித்துக் கூட்டிவந்தால் கதிரையை விட்டு எழும்பவே இரண்டு பேர் வேண்டும். ஓய்வுக்கென்று விட்டுவிட்டு, கூடின வேலையோடு கூட்டி வருகிறோம். அதனால் சேர்க்கும் முன்பே கேளுங்கள்: அவரை யார் நடக்கவைப்பார்கள், நாளுக்கு எத்தனை தரம்? பதிலைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி. மறதி நோய் வந்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு படித்த ஆங்கிலம் பல நேரம் முதலில் போய்விடும், தமிழ் நிற்கும். ஒரு தாளில் ‘சலம் போகவேணும்’, ‘நோகுது’, ‘காணும்’ (போதும்) என்பவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தத்தையும் போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். இரவு வேலைக்கு வருகிற புதுப் பிள்ளைக்கும் விளங்கும். ‘காணும்’ என்று சொல்லச் சொல்ல வாயில் ஊட்டிக்கொண்டிருந்தால் அவர் கையைத் தட்டிவிடுவார்; உடனே ‘முரட்டுக் குணம்’ என்று குறிப்பு எழுதிவிடுவார்கள்.

மருந்தைப் பார்மசியில் வேளைவாரியாகப் பொதி செய்து வாங்குங்கள். டாக்டரின் மருந்துப் பட்டியலையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

முக்கியமாக, மதிப்பீட்டை இப்போதே செய்து வையுங்கள். அதற்கு அரசின் முதியோர் பராமரிப்புச் சேவையான மை ஏஜ்ட் கெயார், 1800 200 422. திடீர் அவசரமென்றால் பராமரிக்கிறவர்களுக்கான அரச சேவை கேரர் கேட்வே, 1800 422 737. தமிழில் கதைக்க முதலில் 131 450 எடுத்து மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம்.

சிட்னியிலோ மெல்பனிலோ வார இறுதிக்கு மட்டும் எடுக்கிற சின்ன வீடு ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். நேரில் போய்ப் பார்த்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.