இடது மேல் மூலையில் எட்டுச் சொற்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், திரையில் படங்களைக் காட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். அறிமுகம் செய்த நண்பர் என்னைப் பற்றிச் சொன்னதில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிடலாம். தம்பி, முதல் படத்தைப் போடுங்கள்.

இந்த முகம் எல்லோருக்கும் தெரியும். ஓவியம் என்றாலே காத தூரம் ஓடுபவர்களுக்கும் தெரியும். தேர்வு முடிவு வந்தால், கரண்ட் பில் வந்தால், நம் பிள்ளைகள் கைபேசியில் ஒரு மஞ்சள் முகத்தை அனுப்புவார்களே, கன்னத்தில் இரண்டு கையையும் வைத்து வாயைப் பிளந்துகொண்டிருக்குமே, அதற்குத் தாத்தா முறை இவர். ஓவியத்தின் பெயர் 'அலறல்'. வரைந்தவர் நார்வேயைச் சேர்ந்த எட்வர்ட் முங்க். எழுத்தைப் பார்த்து 'மன்ச்' என்று படிப்பவர்கள் உண்டு. அவர் ஊர்க்காரர்கள் 'முங்க்' என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டு 1893. ஏதோ பெரிய திரைச்சீலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத அட்டை.

இப்போது இடது மேல் மூலையைப் பெரிதாக்குங்கள். இன்னும் கொஞ்சம். சிவப்பு வானத்தின் மேல் ஏதோ கீறல் மாதிரி தெரிகிறதா? கீறல் இல்லை, பென்சில் எழுத்து. நேரில் போய் நின்றாலும் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது, அவ்வளவு பொடி எழுத்து. அவர்கள் மொழியில் எட்டுச் சொற்கள். நம் மொழியில் சொன்னால்: 'ஒரு பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும்!' ஆச்சரியக்குறியும் அங்கே இருக்கிறது.

1904இல் கோபன்ஹேகனில் இந்த ஓவியம் காட்சிக்கு வந்தபோது விமர்சகர் ஒருவர் இந்த வரியைக் கவனித்து எழுதினார். யாரோ ஒரு பார்வையாளர் எரிச்சலில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தார். கோயில் தூணில் பெயர் கீறி வைக்கும் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் இல்லையா? அப்படித்தான் பலரும் நம்பினார்கள், நூறு வருடத்துக்கும் மேலாக. 2021இல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கதிரில் அந்த மூலையைப் படம் எடுத்து, முங்க்கின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எழுதியது வேறு யாருமில்லை, வரைந்தவரேதான். ஓவியம் முடிந்து, வண்ணம் காய்ந்து, அப்புறம் ஒருநாள் பென்சிலை எடுத்திருக்கிறார்.

தன் ஓவியத்தின் மேல் ஒருவன் ஏன் இப்படி எழுதிக்கொள்ள வேண்டும்? நான் இன்றைக்குப் பேச வந்ததே இந்த ஒரு கேள்வியைத்தான்.

1895இல் முங்க் தன் சொந்த ஊரில், அன்றைய பெயர் கிறிஸ்டியானியா, இன்றைய ஓஸ்லோ, ஒரு கண்காட்சி வைத்தார். பத்திரிகைகள் வழக்கம்போலக் கிழித்தன. அது அவருக்குப் பழகிப்போனது. மூன்று வருடம் முன்பு பெர்லினில் அவருடைய கண்காட்சியை ஒரே வாரத்தில் மூடியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை மாணவர் சங்கத்தில் ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. யோஹான் ஷார்ஃபன்பெர்க் என்ற மருத்துவ மாணவர் எழுந்தார். இந்த ஓவியங்களைப் பார்த்தால் வரைந்தவரின் மனநிலை சரியில்லை என்பது தெரிகிறது என்றார். ஓவியம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஓவியத்தை நாடி பிடித்து ஓவியனுக்கு நோய் சொன்னார். இந்தப் பேச்சை முங்க் கடைசிவரை மறக்கவில்லை. நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் பல வருடம் கழித்தும் அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மாணவனின் பேச்சு ஏன் இப்படித் தைத்தது என்றால், அது விழுந்த இடம் அப்படி.

முங்க்குக்கு ஐந்து வயது ஆகும்போது அம்மா காசநோயில் இறந்தார். பதின்மூன்று வயதில் அக்கா சோஃபி, அதே நோய், அவளுக்குப் பதினைந்து. அப்பா கிறிஸ்டியன் ராணுவ மருத்துவர். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும் இரண்டு பேரையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த மனிதர் பக்தியில் மூழ்கினார். ஆறுதல் தரும் பக்தி இல்லை, நரகத்தைக் காட்டிப் பிள்ளைகளை நடுங்கவைக்கும் பக்தி. தங்கை லாராவுக்குச் சின்ன வயதிலேயே மனநோய். மருத்துவமனையும் வீடுமாக அவள் வாழ்க்கை போயிற்று. தம்பி ஆந்திரேயாஸ் கல்யாணமான சில மாதத்தில் இறந்தார். அது நடந்தது எந்த வருடம் தெரியுமா? அதே 1895. நோயும் பைத்தியமும் சாவும் என் தொட்டிலைக் காத்து நின்ற கருப்புத் தேவதைகள் என்று முங்க் பின்னால் எழுதினார்.

நம் ஊரில் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மனநலம் கெட்டால், அடுத்தவர் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே 'இவனுக்கும் ஆரம்பிச்சிருச்சா' என்று பார்ப்போம். கீழ்ப்பாக்கம் என்கிற பாவப்பட்ட ஊரின் பெயரையே வசவுச் சொல்லாக்கி வைத்திருப்பவர்கள் நாம். முங்க் அந்தப் பார்வையைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டவர். தூக்கம் வராத ஒவ்வொரு இரவும் அவருக்கு ஒரு சந்தேகம். லாராவுக்கு வந்தது எனக்கும் வருகிறதா?

அடுத்த படம். இது லாரா. 1899இல் வரைந்தது. ஓர் அறை, ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் மேசையில் பூ. எல்லாம் இருக்கிறது, அவள் மட்டும் அங்கே இல்லை. கண் எங்கேயோ நிலைகுத்தி இருக்கிறது. மேசையின் மேற்பரப்பைப் பாருங்கள். சிவப்பாக, வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். அறுத்து வைத்த மூளையைப் போல என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்புமையைவிட அவள் கைதான் முக்கியம். மடியில் சும்மா கிடக்கிறது. மனநோயாளியை விகாரமாக, தலைவிரி கோலமாக வரைவதுதான் அந்தக் காலத்து வழக்கம். அண்ணன் தங்கையை அப்படி வரையவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சரி, 'அலறல்' படத்துக்குத் திரும்புவோம். 1892 ஜனவரியில் முங்க் ஒரு குறிப்பு எழுதினார். நண்பர்கள் இரண்டு பேரோடு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சூரியன் மறைந்தது. வானம் திடீரென்று ரத்தச் சிவப்பானது. களைத்துப்போய் வேலியில் சாய்ந்தேன். நண்பர்கள் நடந்து போய்விட்டார்கள். நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். இயற்கையைக் கிழித்துக்கொண்டு ஒரு முடிவில்லாத அலறல் போவதை உணர்ந்தேன். குறிப்பின் சாரம் இதுதான். அந்த வானத்துக்கும் ஆராய்ச்சியாளர்கள் வைத்தியம் பார்த்துவிட்டார்கள். 1883இல் இந்தோனேசியாவில் வெடித்த கிரகடோவா எரிமலையின் தூசு நார்வே வானத்தைச் சிவப்பாக்கியது, அதைத்தான் வரைந்தார் என்று ஒரு கட்சி. உயரத்தில் உருவாகும் ஒருவகை வண்ண மேகம் என்று இன்னொரு கட்சி. இருக்கட்டும். வானம் சிவந்தது எல்லோருக்கும்தானே?

ஆகவே அந்த உருவம் அலறவில்லை. காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அலறல் வெளியிலிருந்து வருகிறது. இத்தனை காலம் நாம் தலைகீழாகப் படித்துவிட்டோம்.

இன்னொன்று. வானம் வளைகிறது, நீர் வளைகிறது, மலை வளைகிறது, அந்த உடம்பும் புழு மாதிரி நெளிகிறது. படத்தில் வளையாதவை இரண்டே. ஒன்று, குறுக்கே அம்பு மாதிரி போகும் கைப்பிடிக் கம்பி. மற்றது, பின்னால் நடந்து போகிற அந்த இரண்டு நண்பர்கள். தொப்பி போட்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். அதே சாலை, அதே அந்தி. அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பல முறை இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் முன்னால் நிற்பவரை விட்டுவிட்டு அந்த இரண்டு பேரைத்தான் பார்க்கிறேன். கெட்டவர்கள் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வந்த பத்துப் பதினைந்து வருடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டுல்லா லார்சன் என்ற பெண்ணோடு காதல், சண்டை, 1902இல் ஒரு துப்பாக்கிக் குண்டு, இடது கை நடுவிரலில் கொஞ்சம் போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்திருப்பதாக வரைந்த ஓவியத்தைப் பின்னால் ரம்பத்தால் நடுவில் அறுத்தார். குடி ஏறிக்கொண்டே போனது. யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், ஆளில்லாத இடத்தில் குரல்கள், கால் மரத்துப்போவது. 1908இல் கோபன்ஹேகனில் முழுதாக உடைந்தார். வயது 44. இது இன்ன வியாதி என்று இறந்தவருக்கு மருந்துச் சீட்டு எழுதும் வேலையை நான் செய்யப் போவதில்லை. ஷார்ஃபன்பெர்க் செய்த வேலையே போதும்.

முக்கியம் என்னவென்றால், உடைந்தவர் மருத்துவமனைக்குப் போனார். டேனியல் யாகோப்சன் என்ற மருத்துவரின் நரம்பு நோய் விடுதி. எட்டு மாதம் இருந்தார். சிகிச்சையில் மந்திரம் மாயம் ஒன்றுமில்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, குளியல், மசாஜ், லேசான மின்சாரம். குடி நிறுத்தம். அங்கேயே தூரிகையையும் எடுத்துவிட்டார். அருகிலிருந்த விலங்குக் காட்சிசாலைக்குப் போய் மிருகங்களை வரைந்துகொண்டு வந்தார்.

அங்கே வரைந்த ஒரு கேலிச்சித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாற்காலியில் முங்க், பக்கத்தில் மருத்துவர், ஒரு நர்ஸ், மின்கம்பி. அடியில் முங்க் எழுதியிருக்கிறார்: பிரபல ஓவியர் முங்க்கின் மூளைக்குள் பேராசிரியர் யாகோப்சன் ஆண் சக்தியையும் பெண் சக்தியையும் மின்சாரமாக ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில். தன் நோயைப் பார்த்துத் தானே சிரிக்க ஒருவருக்கு முடிகிறது என்றால், அது எந்தப் பரிசோதனை அறிக்கையையும்விட நல்ல செய்தி. யாகோப்சனையும் ஆளுயரத்துக்கு வரைந்தார். காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, பின்னால் நெருப்பு மாதிரி வண்ணம். நம் ஊர் வார்டில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரை அப்படியே பார்க்கலாம்.

இங்கேதான் எனக்கும் முங்க்குக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பயமும் நோயும் இல்லாவிட்டால் நான் சுக்கான் இல்லாத கப்பல் என்று அவர் எழுதியிருக்கிறார். என் துன்பங்களை அழித்தால் என் கலையும் அழிந்துவிடும் என்றும் எழுதினார். கல்லூரிப் பிள்ளைகள் இந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் கவிதை வராமல் போய்விடுமோ என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முங்க் எழுதியதைப் படியுங்கள், அப்புறம் அவர் வாழ்ந்ததைக் கணக்குப் போடுங்கள். 1909இல் விடுதியை விட்டு வெளியே வந்தவர் 1944 ஜனவரியில், 80 வயதில் இறந்தார். நடுவில் ஏறத்தாழ 35 வருடம். அவ்வளவு வருடமும் வரைந்தார். ஓஸ்லோ நகரத்துக்கு அவர் விட்டுச் சென்ற சொத்தில் ஓவியங்கள் மட்டும் 1,000க்கு மேல், அச்சுப்படங்கள் 15,000க்கு மேல். கப்பல் நிற்கவே இல்லையே!

பிற்காலத்துப் படங்களில் பழைய வீரியம் இல்லை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். 'அலறல்' அளவுக்கு இன்னொன்று வரவில்லைதான். எத்தனை பேருக்கு அப்படி ஒன்றாவது வந்தது? பயமும் அவரைவிட்டு ஓடிவிடவில்லை, தனியாள்தான், ஆட்களைத் தவிர்த்தார். ஆனால் அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார். 1930இல் வலது கண்ணில் ரத்தக்குழாய் வெடித்துப் பார்வை மங்கியபோது என்ன செய்தார்? கண்ணுக்குள் மிதந்த கறையை, அது எப்படித் தெரிகிறதோ அப்படியே, வட்டம் வட்டமாக வரைந்து வைத்தார். ஓவியங்களை மழையிலும் வெயிலிலும் வெளியே போட்டுவைக்கும் பழக்கமும் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'குதிரை வைத்தியம்'. பிழைத்துக் கிடப்பது நல்ல ஓவியம்.

'பைத்தியம்' என்ற சொல்லும் அவரை விடவில்லை. 1937இல் ஜெர்மனியில் நாஜிகள் அவருடைய 82 படைப்புகளைச் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி அருங்காட்சியகங்களிலிருந்து தூக்கினார்கள். மாணவர் சங்கத்தில் ஒருவர் எழுந்து பேசிய அதே பேச்சு, இந்த முறை அரசாங்க முத்திரையோடு.

அந்தப் பென்சில் வரி இருக்கிற ஓவியம் 1910இல் ஓலாஃப் ஸ்கோ என்ற செல்வந்தரின் நன்கொடையாக நாட்டின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஒரு ரப்பர் துண்டு போதும், அந்த வரியை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அவமானத்தில் எழுதினாரா, நக்கலா, இல்லை 'நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்' என்ற வீம்பா? என்னைக் கேட்டால், மூன்றும். உருவத்தைப் போலவே அவரும் அன்று காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்திருக்கிறார். முடியவில்லை, எழுதி வைத்துவிட்டார்.

கடைசிப் படம், தம்பி. இது 'சூரியன்'. மருத்துவ விடுதியிலிருந்து வெளியே வந்ததும் கிராகெர் என்ற கடலோர ஊரில் குடியேறி, திறந்தவெளிப் பட்டறையில் வரையத் தொடங்கியது. எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். இதை ஏற்பதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் சண்டை போட்டு, 1916இல்தான் ஓஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தில் மாட்டினார்கள். 1947 முதல் 1989 வரை அமைதிக்கான நோபல் பரிசு வழங்கும் விழா அந்த மண்டபத்தில்தான் நடந்தது. 1964இல் மார்ட்டின் லூதர் கிங். 1979இல் நம் அன்னை தெரசா, நீலக்கரைச் சேலையோடு. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் எதிரே இந்தச் சூரியன்தான்.

சரி, இப்போது விளக்கைப் போடலாம்.