சிதறிய சிகிச்சையைக் கோத்தவர்கள்: நெதர்லாந்தின் பார்க்கின்சன்நெட்

நேயர்களுக்கு வணக்கம்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நெதர்லாந்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஓர் ஆண்டில் பார்த்த பார்க்கின்சன் நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நோயாளிகள் குறைவு என்பதல்ல காரணம். ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அருகிலிருந்த ஏதோ ஒரு சிகிச்சையாளரிடம் சென்றார்கள். ஆளுக்குச் சில நோயாளிகள் எனப் பலரும் பார்த்துவந்ததால், இந்த நோயில் கைதேர்ந்தவர்கள் உருவாக வழியில்லாமல் போயிற்று. நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் புளூமும், அவருடன் பணியாற்றிய மார்ட்டன் முன்னெக்கேயும் 2004இல் பார்க்கின்சன்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் புதிய மருந்து எதுவும் இல்லை. இருக்கிற சிகிச்சையை யார், யாருக்கு, எங்கே தருவது என்பதைத்தான் அவர்கள் மாற்றினார்கள்.

இந்த நோய்க்கு அப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது? மூளையில், அசைவுகளைச் சீராக்க உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, அசைவுகள் மந்தமாகின்றன. லெவோடோபா மாத்திரை இவற்றைப் பெருமளவு தணிக்கிறது. ஆனால் குரல் தேய்வது, விழுங்கச் சிரமப்படுவது, மலச்சிக்கல், எழுந்து நின்றவுடன் ரத்த அழுத்தம் சரிவது, தூக்கத்தில் கைகால்களை உதறுவது, மனச்சோர்வு எனத் தொல்லைகள் உடலெங்கும் பரவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார், ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. புரதம் மிகுந்த உணவோடு லெவோடோபாவை விழுங்கினால் சிலருக்கு அதன் பலன் குறைந்துவிடும் என்பதால், உணவியல் வல்லுநருக்கு மாத்திரை நேரம் தெரிந்திருக்க வேண்டும். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் வேளையில்தான் நடைப்பயிற்சி நன்றாக அமையும் என்பதால், பிசியோதெரபிஸ்டும் அதே நேரக் கணக்கை அறிந்திருக்க வேண்டும். நோயாளியே இவர்கள் அனைவருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரிவதில்லை.

கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை திடீரென்று உறைந்துவிடுவதையும் எடுத்துக்கொள்ளலாம். வாசற்படியிலும், குறுகலான இடத்திலும், திரும்பும்போதும் இது நேரும். தரையில் குறுக்காக ஒட்டிய பட்டைகளைத் தாண்டிக் காலெடுத்து வைப்பது சிலருக்கு உதவுகிறது; சிலருக்குத் தாள ஒலி உதவுகிறது; வேறு சிலருக்கு இரண்டுமே பயன் தருவதில்லை. சில அடிகூட ஒழுங்காக நடக்க முடியாத 58 வயது நோயாளி ஒருவர் சைக்கிளில் ஏறியதும் தடையின்றி ஓட்டிச் சென்றதை, புளூம் 2010இல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்தார். யாருக்கு எது பயன்படும் என்பதைப் பாடநூல் முன்கூட்டிச் சொல்லிவிடாது. இத்தகைய நோயாளிகள் பலரைக் கண்ட கண்ணுக்கே அது விரைவில் பிடிபடும்.

பார்க்கின்சன்நெட் ஒவ்வொரு வட்டாரத்திலும் பிசியோதெரபிஸ்டுகள் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அனைவரையும் ஒரே வழிகாட்டி நெறிமுறையைப் பின்பற்றச் செய்து, நோயாளிகளை அவர்களிடமே திருப்பிவிட்டது. யார் எங்கே இருக்கிறார் என்பதை நோயாளியே தேடிக் கண்டுபிடிக்கும் வசதியும் செய்யப்பட்டது. பேச்சுப் பயிற்சியாளர்களும், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும், செவிலியர்களும், உணவியல் வல்லுநர்களும் பின்னர் சேர்ந்தார்கள். இன்று ஏறத்தாழ 70 வட்டார வலையமைப்புகளில் 3,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றுகிறார்கள்.

இதனால் பலன் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2010இல் வெளியான ஆய்வில், 16 வட்டாரங்களைச் சேர்ந்த 699 நோயாளிகளை ஒப்பிட்டபோது செலவு குறைந்தது, ஆனால் நோயாளிகளின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2018இல், காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 4,381 பேரை ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் சென்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கும் எலும்பு முறிவு, நிமோனியா போன்ற சிக்கல்கள் நேர்ந்திருந்தன. இரண்டாவது ஆய்வு குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்யப்பட்டதல்ல என்பதால், அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள நான் தயங்குகிறேன். ஆயினும் குறைந்த செலவில் குறைந்த சிக்கல்கள் என்பதை எந்த அரசும் புறந்தள்ள இயலாது. நார்வேயும் லக்சம்பர்க்கும், கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ சேவை நிறுவனமும் இந்த முறையைத் தத்தம் சூழலுக்கேற்ப ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

எனினும் தேர்ந்தவர்களின் பட்டியல் மட்டுமே ஒருங்கிணைப்பு ஆகிவிடாது. நோயாளி தொலைபேசியில் அழைத்தால் எடுத்துப் பேசுகிற, அவருடைய வரலாறு முழுவதும் அறிந்த ஒருவர் வேண்டும். பல நாடுகளில் அந்த இடத்தை நிரப்புபவர் பார்க்கின்சன் நோய்க்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர். "உங்களை இப்போது அதிகம் வருத்துவது எது?" என்று அவர் கேட்கும்போது, மருத்துவர் குறித்து வைத்த நடுக்கத்தைப் பற்றி நோயாளி ஒன்றும் சொல்லாமல், இரவில் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை என்று சொல்லக்கூடும். சிகிச்சைத் திட்டம் அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தகைய ஒருவர் இல்லாத குறை, நோயாளி வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது அப்பட்டமாகத் தெரிகிறது. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவருக்கு, வார்டில் எல்லோருக்கும் மருந்து தரும் நேரத்தில்தான் லெவோடோபாவும் கிடைக்கும். ஒரு மணி நேரம் தாமதமானாலே உடல் விறைத்து, விழுங்கவும் திணறுபவர்கள் இருக்கிறார்கள். வாந்திக்கு வழக்கமாகத் தரும் மெட்டோகுளோபிரமைடும், மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலும் டோபமைனின் வேலையைத் தடுத்து நோயைக் கூட்டிவிடும்.

வலையமைப்பு இல்லாத ஊரில் இருக்கும் குடும்பத்தினர் ஒரு தாளில் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, மணிக் கணக்கில் அதன் நேரம், தவிர்க்க வேண்டிய மருந்துகள், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை, நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண். மருத்துவமனையில் சேரும் அன்றே அதன் ஒரு பிரதியை நோயாளியின் கோப்பில் வைத்துவிட்டு, இன்னொன்றை வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.