துலா மிதித்தவரின் சோறு

(எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேசியது. பேச்சைப் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, ஐயாமாரே, அம்மாமாரே, கதவடியில் நிற்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

நான் முக்கியமாகக் கதைக்க வந்தது அந்தக் கதவடியில் நிற்பவர்களோடுதான். முன்வரிசையில் இருப்பவர்கள் கிளினிக் கொப்பியும் கையுமாகத் திரிபவர்கள். கொலஸ்ட்ரோல் குளிசையின் பெயரை என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரருக்குத்தான் இதய நோய் என்றால் வயதுபோனவர்களின் கதை என்ற நினைப்பு. அதனால்தான் கதவடியில் நிற்கிறீர்கள். அலுத்தால் நழுவிவிடலாம், இல்லையா?

சரி. கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படையினரில் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் வெட்டிப் பார்த்தார்கள். 1953இல் அந்த முடிவு வெளிவந்தது. இறந்தவர்களின் சராசரி வயது 22. தினமும் ஓடிப் பயிற்சி எடுத்த பொடியன்கள். அவர்களில் 77 வீதமானோரின் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் ஏற்கெனவே இருந்தது. எழுபதில் வரும் நெஞ்சுவலி எழுபதில் தொடங்குவதில்லை என்று மருத்துவ உலகம் திடுக்கிட்டு அறிந்தது அப்போதுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒன்று படிகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் தெரியாது. ஒரு வருடத்தில் சுரண்ட வேண்டிவரும். இதயக் குழாயிலும் அப்படித்தான், எவ்வளவு கெட்ட கொலஸ்ட்ரோல் என்பது மட்டுமல்ல, எத்தனை வருடம் என்பதும் கணக்கு. ஒரு வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் பிழையாகிவிடும். கேத்தலில் படிவது மேற்பரப்பில். குழாயில் சேர்வது சுவருக்குள்ளே. அது ஒரு நாள் உள்ளிருந்து வெடிக்க, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, குழாய் சில நிமிடங்களில் அடைபடும். முதல் நாள் வரை கல்லுப்போல இருந்த மனிதன் திடீரென விழுவது அதனால்தான்.

இப்போது ஒருவர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "எங்கட அப்பு தேங்காய்ப்பாலும் சோறும் சாப்பிட்டுத் தொண்ணூறு வயதுவரை இருந்தவர். நீங்கள் என்ன கதைக்கிறியள்?"

நல்ல கேள்வி. என் அப்புவும் அப்படித்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டவர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க விடிய முன்னமே கிணற்றுத் துலாவில் ஏறுவார். கீழே ஒருவர் பட்டையைப் பிடிக்க, இவர் துலாவின்மேல் முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். வெயில் ஏறும்வரை அந்த நடைதான். பிறகு வந்து கோப்பையில் மலைபோலச் சோறு போட்டுச் சாப்பிடுவார். அந்தச் சோறு அவருக்குப் போதாது என்றுதான் நான் சொல்வேன். பிறகு வாட்டர் பம்ப் வந்தது, துலா போனது. மோட்டார் சைக்கிள் வந்தது, நடை போனது. மலை மட்டும் கோப்பையில் அப்படியே இருக்கிறது. நாங்கள் துலா மிதித்தவரின் சோற்றைக் கதிரையில் இருந்துகொண்டு சாப்பிடுகிறோம்.

இன்னொன்று. தொண்ணூறு வயது அப்புவைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய தம்பி ஐம்பத்திரண்டில் "வாயுக்குத்து" என்று சொல்லிப் படுத்து எழும்பாமல் போனதை யாரும் கதைப்பதில்லை.

உடல் அசைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று லண்டன் பஸ்காரர்கள் காட்டித்தந்தார்கள். ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர், இரண்டு தட்டு பஸ்களின் சாரதிகளையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு 1953இல் எழுதினார். ஒரே பஸ், ஒரே வேலை நேரம். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிக்கு இதய நோய் கூட. படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவருக்குக் குறைவு.

உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நீங்களே அனுபவித்தவர்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கும் சைக்கிள், சந்தைக்கும் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள். முன்னால் தம்பி, பின்னால் அம்மா, ஹாண்டிலில் விறகு. அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று சொல்பவன் மடையன். ஆனால் அன்று பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை மிதித்த அதே கால்கள்தான் இன்று சந்திக் கடைக்குப் பாண் வாங்க ஸ்கூட்டியில் போகின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வைத்தியராக இருந்தும் ஐந்து வருடம் என் கையில் பிரஷர் பட்டி கட்டிப் பார்க்காதவன் நான். 46 வயதில் ஒரு தாதி பகிடியாகக் கட்டிப் பார்த்தார், 160/100. தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர்களில், பிரஷர் 115/75ஐத் தாண்டி மேல் எண் 20, கீழ் எண் 10 என்று ஏறும் ஒவ்வொரு தடவையும் இதய நோயால் சாகும் ஆபத்து இரண்டு மடங்காகிறது. என்னுடையதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று நான் போட்டேன், இரவு நித்திரை வரவில்லை.

பிரஷர் என்றால் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது, ஒரு தேக்கரண்டி. நாங்கள் அந்தக் கரண்டியைச் சோற்றுக்கும் கறிக்குமே முடித்துவிட்டு, பக்கத்தில் கருவாட்டுப் பொரியல், மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் என்று வைக்கிறோம். நான்கில் ஒன்றை வையுங்கள். நான்கையும் விடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, நானும் விடவில்லை.

தேத்தண்ணீர். ஒரு நாளைக்கு ஐந்து தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி சீனி. பத்துக் கரண்டி ஆயிற்று. ஆறு கரண்டியோடு நிறுத்தினால் நல்லது என்பது பொது ஆலோசனை. சோடாவுக்கு அரசாங்கமே 2016இலிருந்து போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போட வைத்திருக்கிறது. பார்த்து வாங்குபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தேங்காய் பற்றிச் சண்டைக்கு வராதீர்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு, கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். சொதியை விடச் சொல்லவில்லை. முதற்பாலை அள்ளி ஊற்றாமல் கடைசிப் பாலில் வையுங்கள், பொரிக்கிற எண்ணெயைக் குறையுங்கள். கெடுதி எங்கே என்று கேட்டால், நான் சொதியை விட முதலில் பேக்கரிப் பெட்டியைத்தான் காட்டுவேன். பணிஸ், ரோல்ஸ், பற்றிஸ். அதோடு இரவு ஒன்பது மணிக் கொத்துரொட்டி.

எங்களிடம் இல்லாத சாப்பாடா? ஒடியல் கூழை எடுங்கள். பனங்கிழங்கு மா, மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, கீரை. வெளிநாட்டுக்காரன் இதைப் போத்தலில் அடைத்து விற்றால் வரிசையில் நிற்போம். சூடை மீன் மலிவு என்று கணக்கெடுப்பதில்லை, ஆனால் இதயத்துக்கு நல்ல கொழுப்பு அந்தச் சின்ன மீனில்தான் இருக்கிறது. குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, தவிடு போகாத சிவப்பரிசி. கறியைக் கூட்டி, சோற்றைப் பாதியாக்குங்கள். மலை ஒரு சின்ன மேடாகட்டும்.

புகைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட கணக்கு இது. புகைப்பவர் சராசரியாகப் பத்து வருடம் முந்திச் சாகிறார். முப்பதில் விட்டால் அந்தப் பத்தும் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பும். நாற்பதில் விட்டால் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. கடையில் இப்படித் தள்ளுபடி போட்டால் எப்போது போய் வாங்குவீர்கள்?

எங்கள் பகுதி மக்களுக்கு அவசரமும் கூட. 52 நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது 53 அளவில். மற்றவர்களுக்கு 59 அளவில். இலங்கையும் அதில் சேர்ந்திருந்தது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. தைக்கிற அக்காவின் அளவு நாடா போதும்.

நடுவயது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெக்சாஸில், 45க்கும் 64க்கும் இடைப்பட்ட, பயிற்சியே இல்லாத ஆட்களை இரண்டு வருடம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். விறைக்கத் தொடங்கியிருந்த அவர்களின் இதயத் தசை மறுபடி இளகியது. 2018இல் வெளிவந்தது. அதே குழுவினர் முன்பு எழுபதை ஒட்டியவர்களை ஒரு வருடம் பயிற்றியபோது அந்த இளக்கம் கிடைக்கவில்லை. முன்வரிசை ஐயா முகம் வாடவேண்டாம், நடந்தால் பிரஷருக்கும் சீனிக்கும் முழங்காலுக்கும் உங்களுக்கும் நன்மைதான். பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் காற்றும் இலவசம். ஆனால் "பென்சன் எடுத்த பிறகு நடப்பம்" என்கிற தம்பிமாருக்கு இந்தச் செய்தி நல்லதல்ல. கிழமைக்கு 150 நிமிடம், வேர்க்கிற நடை. அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அப்புறம், நெஞ்சு இறுக்கிப் பிடித்து, இடது கை உளைந்து, வேர்த்துக் கொட்டினால், இஞ்சிப் பிளேன்ரீ வைத்துப் பார்க்காதீர்கள். 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும், காசில்லை.

செயலாளர் தம்பி உள்ளே ரோல்ஸ் அடுக்குகிறார், மணம் இங்கே வருகிறது. நானும் ஒன்று எடுப்பேன், ஒளிக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் பிரஷர் கருவியும் அளவு நாடாவும் வைத்திருக்கிறேன். நாற்பது தாண்டியவர்கள் முதலில் அங்கே வந்து கையை நீட்டுங்கள். கதவடியில் நிற்கும் நீலச் சேட்டுத் தம்பி, உங்களைத்தான். மெல்ல நழுவ வேண்டாம், வாருங்கள்.