உலை வாயும் ஊர் வாயும்

விழாத் தலைவர் அவர்களே, பரிசளிக்க வந்திருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, வெயிலில் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பேஸ்பால் மேலாளர், அதாவது ஆட்டத்தில் அணியை நடத்தும் தலைமைக் கோச், பிரெஸ்டன் கோமெஸ் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: பிறந்த ஊர், ஆடிய ஆட்டம், நடத்திய அணிகள். பிறந்தது கியூபாவில் சென்ட்ரல் பிரெஸ்டன் என்ற கரும்பாலை ஊர். சொந்தப் பெயர் பெட்ரோ, ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் உச்சப் போட்டியான பெரிய லீகில் ஆடியது 1944இல் வாஷிங்டன் அணிக்கு வெறும் 8 ஆட்டம். சரி, அது முடிந்தது. 1959இல் ஹவானா சுகர் கிங்ஸ் அணியை, பெரிய லீகுக்கு அடுத்த படி அணிகளின் ஜூனியர் உலகத் தொடரில் வெல்ல வைத்தார். 1969இல் புதிதாக முளைத்த சான் டியாகோ பாட்ரெஸ் அணிக்கு முதல் மேலாளர். அந்த ஆண்டில் 110 தோல்வி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இப்போது கேளுங்கள். 1970 ஜூலை 21. பாட்ரெஸுக்குப் பந்தெறிகிறவன் கிளே கிர்பி, வயது 22. எட்டு இன்னிங்ஸ் ஆகியும் எதிரணி நியூயார்க் மெட்ஸில் ஒருத்தராலும் ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைத் தொடுவது, அடிக்க முடியவில்லை. இன்னும் ஒரே இன்னிங்ஸ்! ஹிட்டே கொடுக்காமல் முடித்தால் நோ-ஹிட்டர், பந்தெறிகிறவனுக்கு அதுதான் கிரீடம். ஆனால் ஹிட்டே இல்லாமல், வாக் (தப்புப் பந்துகளுக்காக இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), பேஸ் திருட்டு (அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது) என்று மெட்ஸ் ஓர் ஓட்டம் எடுத்திருந்தது. பாட்ரெஸ் 0-1 என்று பின்தங்கி, எட்டாவதில் மட்டை பிடிக்கிறது. இரண்டு பேர் அவுட். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் கிர்பி. கோமெஸ் என்ன செய்தார்? பையனை உட்கார வைத்துவிட்டு சீட்டோ காஸ்டனை அனுப்பினார்! காஸ்டன் ஸ்ட்ரைக் அவுட். மாற்றப்பட்டவன் திரும்ப ஆட முடியாது, அதனால் ஒன்பதாவதில் வேறு ஆள் பந்தெறிந்தார், மெட்ஸ் வெளுத்தது, 0-3. அரங்கமே கத்தித் தீர்த்தது. மனுஷர் திருந்தினாரா? 1974இல் ஹூஸ்டன் அணியை நடத்தியபோது, பந்தெறிகிற டான் வில்சனுக்கும் அதையே செய்தார், அதுவும் தோல்விதான். பாட்ரெஸுக்கு முதல் நோ-ஹிட்டர் கிடைத்தது 2021இல்!

என் கட்சி கோமெஸ் கட்சி. ஆட்டத்தை ஜெயிக்கப் பார்ப்பதுதான் மேலாளர் வேலை. அப்புறம், போன மாதம் நம் பிள்ளைகள் ஆட்டத்தில் ஒரு தகப்பனார் கோச்சைப் பார்த்து, “உனக்கு என்னய்யா தெரியும்?” என்றார். பிள்ளை தலைகுனிந்து நின்றான். இப்படி நடக்கக் கூடாது என்றுதான் ஒரு வருஷமாகக் கேட்கிறேன்: கோட்டிலிருந்து இருபதடி தள்ளிக் கயிறு கட்டுங்கள், பெற்றோர் அதற்கு அப்பால் உட்காரட்டும். ஊர் வாயை மூட முடியாது, தள்ளியாவது வைக்கலாமே!

நடத்திய அணிகளில் இன்னும் பாக்கி இருக்கிறது, தலைவர் மணியடித்துவிட்டார். கயிறு கட்டக் கேட்கும் கையெழுத்து நோட்டு பந்தல் வாசலில் இருக்கிறது. பேனா நீங்களே கொண்டுவாருங்கள், போன தடவை வைத்த பேனாவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.